விட்ட நாளுக்கு மறுநாள்

ஜனவரி 1 என்பது வானியல் கணக்கில் தனிச்சிறப்பு ஏதும் இல்லாத நாள். சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளியைப் பூமி அதே வாரத்தில் கடக்கிறது என்றாலும், அது முதல் தேதியைப் பார்த்துக் கடப்பதில்லை. ஆனாலும் அன்று காலை பூங்காக்களின் நடைபாதைகளில் புதுக் காலணிகள் கூடுதலாகத் தென்படுகின்றன; உடற்பயிற்சிக்கூடங்களில் ஆண்டுச் சந்தா கட்டுவோர் கூட்டம் சேர்கிறது; பொங்கல் வந்து, சர்க்கரைப் பொங்கலின் நெய்மணம் கையை விட்டு அகலும் நேரத்தில் அந்தக் கூட்டம் மெலியத் தொடங்கிவிடுகிறது. இதைத் தமிழ் வழக்கு 'ஆரம்ப சூரத்தனம்' என்ற இரு சொல்லில் முடித்துவிடும். அச்சொற்களுக்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது: தொடங்கியவருக்கு உறுதி போதவில்லை, ஆகவே விட்டுவிட்டார். கடந்த அரை நூற்றாண்டில் உளவியலும் நரம்பியலும் திரட்டிய சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் ஆளைத் தவறாக எடைபோடுகிறது என்பதும், ஒரு பழக்கத்தின் கதியை அறிய விரும்புவோர் அது விடுபட்ட நாளைக் காட்டிலும் அதற்கு மறுநாளையே கூர்ந்து நோக்க வேண்டும் என்பதும் தெளிவாகின்றன.

மனிதர் ஏன் குறிப்பிட்ட ஒரு நாளுக்காகக் காத்திருந்து தொடங்குகின்றனர் என்பதை ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஆராய்ந்தது. கூகுளில் உணவுக்கட்டுப்பாடு பற்றி நிகழ்ந்த தேடல்கள், ஒரு பல்கலைக்கழக உடற்பயிற்சிக்கூடத்தின் வருகைப் பதிவுகள், தம் குறிக்கோளை எழுத்துமூலம் உறுதி செய்துகொள்ள உதவும் ஓர் இணையதளத்தின் பதிவுகள் என ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று ஆவணங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மூன்றிலும் ஆண்டின் தொடக்கத்தில் மட்டுமன்றி, மாதத்தின் தொடக்கத்திலும் வாரத்தின் தொடக்கத்திலும் முயற்சிகள் எழுந்து, பின்னர் தணிந்தன. பிறந்தநாளுக்குப் பிறகும் உடற்பயிற்சிக்கூட வருகை கூடியது. 21-ஆம் பிறந்தநாள் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்காவில் சட்டப்படி மது அருந்தத் தொடங்கும் வயது அது என்பதை நினைவிற்கொண்டால் இந்த விதிவிலக்குக்கு அதிக விளக்கம் தேவைப்படாது. இப்போக்குக்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழில் 'புதுத்தொடக்க விளைவு' எனலாம். பழைய பேரேட்டை மூடிவிட்டுப் புதுக்கணக்கு எழுதும் வணிகரைப் போலவே மனமும் காலத்தில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு அப்பால் நின்ற தோல்விகளைப் பழைய கணக்கில் தள்ளிவிட்டு, இப்பால் நிற்பவரை வேறோர் ஆளாகக் கருதிக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இந்த மனச்சாய்வு குறை சொல்லத் தக்கதன்று. ஜனவரி 1, தை 1, சித்திரை 1 என மூன்றரை மாதத்துக்குள் மூன்று புதுக்கணக்குகளை வைத்திருக்கும் ஒரு சமூகத்துக்கு இது வாய்ப்பாகவே அமையும். ஆனால் புதுத்தொடக்க விளைவு தொடக்கத்தை மட்டுமே விளக்குகிறது. தொடர்ச்சியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

தொடர்ச்சியைப் பற்றிய பழைய கணக்கொன்று அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் நார்கிராஸின் ஆய்வுகளில் கிடைக்கிறது. 1980-களில் புத்தாண்டு உறுதி எடுத்த ஏறத்தாழ 200 பேரை அவரும் அவருடைய சகாவும் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, முதல் வாரத்தைத் தாண்டியவர்கள் 77 விழுக்காடாகவும், இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தவர்கள் 19 விழுக்காடாகவும் இருந்தனர். இந்த 19 என்ற எண் பின்னாளில் ஏளனத்துக்கே மிகுதியாகப் பயன்பட்டது. அதே ஆய்வில் அடங்கியிருந்த வேறொரு செய்தி அவ்வளவாகக் கவனம் பெறவில்லை: வெற்றி பெற்றவர்களிலும் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 53 விழுக்காட்டினர், இடையில் ஒரு முறையேனும் வழுக்கியவர்கள், அந்த இரண்டு ஆண்டுகளில் நேர்ந்த வழுக்கல்களின் சராசரி 14. ஆக, வென்றவரையும் தோற்றவரையும் பிரிக்கும் கோடு 'ஒருநாளும் தவறாமை' என்பதன் மேல் வரையப்படவில்லை. 2002-இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, உறுதி எடுத்த 159 பேரையும், அதே மாற்றத்தை விரும்பியும் உறுதி எடுக்காத 123 பேரையும் ஒப்பிட்டது. ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 46 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 4 விழுக்காட்டினரும் தாம் வெற்றிபெற்றதாகக் கூறினர். இவை தாமாகச் சொன்ன விடைகள் என்பதும், உறுதி எடுப்பவர்கள் இயல்பிலேயே மாற்றத்துக்குக் கூடுதலாக ஆயத்தப்பட்டிருக்கக்கூடும் என்பதும் இந்த இடைவெளியை ஓரளவு சுருக்கும், முழுவதும் அழித்துவிடா.

உறுதியின் சொற்களும் விளைவில் பங்கு கொள்கின்றன. ஸ்வீடனில் 1,066 பேரைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், 'இதைச் செய்வேன்' என்று உடன்பாட்டில் குறிக்கோள் வகுத்தவர்களில் 58.9 விழுக்காட்டினரும், 'இதைச் செய்யமாட்டேன்' என்று எதிர்மறையில் வகுத்தவர்களில் 47.1 விழுக்காட்டினரும் ஓராண்டு முடிவில் தம்மை வெற்றிபெற்றவர்களாகக் கருதினர். மாலையில் பஜ்ஜி தின்னமாட்டேன் என்ற உறுதிக்கு அந்த மாலை நேரத்தில் செய்வதற்கென்று ஒரு செயல் இல்லை. ஒரு கிண்ணம் சுண்டல் தின்பேன் என்ற உறுதிக்கு உண்டு. செயல் இல்லாத இடத்தில் பழக்கம் உருவாவது எப்படி என்ற கேள்வி, பழக்கம் என்பது உண்மையில் என்ன என்ற கேள்விக்கு இட்டுச்செல்கிறது.

அன்றாடப் பேச்சில் அடிக்கடி செய்வதெல்லாம் பழக்கம்தான். அறிவியல் வழக்கில் அச்சொல்லின் பொருள் குறுகலானது: ஒரு சூழல் எதிர்ப்பட்டவுடன், தனியே தீர்மானிக்காமல், தானாகக் கிளம்பும் செயலே பழக்கம். அந்தச் செயலைக் கிளப்பும் இடம், நேரம், முந்தைய செயல், உடனிருப்பவர் ஆகியவற்றுள் எதுவாயினும் அது 'தூண்டுகுறி' எனப்படும். வீட்டுக்குள் நுழைந்தவுடன் கை மின்விசிறியின் சுவிட்சுக்குப் போகிறது. மின்சாரம் இல்லையென்று தெரிந்த நாளிலும் போகிறது. அறிவு ஒன்றை அறிந்திருக்க, கை வேறொன்றைச் செய்யும் இந்த விலகலே பழக்கத்தின் அடையாளம்.

மூளைக்குள் இந்த விலகலுக்கு ஓர் உடற்கூற்று அடிப்படை இருக்கிறது. பெருமூளையின் ஆழத்தில் 'பேசல் காங்லியா' எனப்படும் நரம்பணுத் திரள்கள் உள்ளன. இவை இயக்கங்களைத் தொகுத்து நடத்துவதில் பங்கேற்பவை, பார்க்கின்சன் நோயில் சிதைவுறுபவையும் இவற்றோடு இணைந்த நரம்புத் தடங்களே. நிகழ்ச்சிகளை நினைவில் பதிப்பதற்கோ 'ஹிப்போகாம்பஸ்' என்னும் வேறொரு பகுதி தேவை. 1996-இல் பார்பரா நோல்ட்டன், ஜெனிஃபர் மேங்கல்ஸ், லாரி ஸ்க்வயர் ஆகியோர் இவ்விரு அமைப்புகளையும் ஓர் எளிய விளையாட்டின் மூலம் பிரித்துக் காட்டினர். சில சீட்டுகளைப் பார்த்து மழை வருமா வெயில் அடிக்குமா என்று ஊகிக்க வேண்டும். சீட்டுக்கும் விடைக்கும் உள்ள தொடர்பு உறுதியானதன்று, வாய்ப்பு அளவிலானது. ஆகையால் மனப்பாடம் உதவாது, பலமுறை ஆடி ஆடியே கை தேற வேண்டும். நினைவிழப்பு நோயாளிகள் இதில் மற்றவர்களைப் போலவே படிப்படியாகத் தேறினர். ஆனால் பயிற்சியின்போது என்ன நடந்தது என்று கேட்டால் அவர்களால் சரிவரச் சொல்ல இயலவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளோ நடந்ததையெல்லாம் நினைவுகூர்ந்தனர், ஆட்டத்தில் மட்டும் தேறவில்லை. அறிந்திருப்பதும் பழகியிருப்பதும் மூளையில் வெவ்வேறு வீடுகளில் குடியிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று அரிது. உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும் என்பதைப் பத்திரிகைகளில் நூறு முறை படித்தவர் அதைச் செய்யாதிருப்பதில் வியப்புக்கு இடமில்லை. படித்தது ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, செயல் வேறொரு வீட்டிலிருந்து புறப்பட வேண்டியது.

அந்த இரண்டாம் வீட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல் குழுவினர் எலிகளில் பதிவு செய்தனர். ஆங்கில 'டி' எழுத்து வடிவப் பாதையில் ஓசைக் குறிப்புக்கேற்ப இடமோ வலமோ திரும்பி இரையை அடையக் கற்கும் எலியின் பேசல் காங்லியாவில், தொடக்க நாட்களில் ஓட்டம் முழுவதும் நரம்பணுக்கள் இயங்கிக்கொண்டிருந்தன. வழி நன்கு பழகிய பின், இயக்கம் தொடக்கத்திலும் முடிவிலும் குவிந்து இடைப்பகுதியில் தணிந்தது. பல தனித்தனி அசைவுகள் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிட்டன. இந்தப் பொட்டலத்துக்கு முடிச்சு தொடக்கத்தில் இருக்கிறது என்பது பின்னால் பயன்படும் செய்தி: காலை நடையைப் பழக்கமாக்க விரும்புபவர் பழக்க வேண்டியது நடையைக்கூட அன்று, காலணியை மாட்டிக் கதவைத் திறப்பதை.

மனிதரிடத்தில் இத்தகைய பொட்டலம் எவ்வளவு குருடாக இயங்கும் என்பதை 2011-இல் டேவிட் நீல், வெண்டி வுட் ஆகியோரின் குழு திரையரங்கொன்றில் சோதித்தது. முன்னோட்டப் படங்களைக் காண வந்தவர்களுக்கு வழங்கப்பட்ட பாப்கார்னில் ஒரு பகுதி அப்போது பொரித்தது, மறுபகுதி ஏழு நாள் பழையது. திரையரங்கில் பாப்கார்ன் தின்னும் வழக்கம் வேரூன்றியவர்கள், நமுத்துப்போனதையும் புதியதற்கு நிகரான அளவு தின்று தீர்த்தனர். சுவை பிடிக்கவில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். அதே பாப்கார்னைக் கூட்ட அறையில் இசைக்காணொளி பார்க்கும்போது கொடுத்தபோது நமுத்ததைத் தள்ளிவிட்டனர். வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் தின்னச் சொன்னபோது, திரையரங்கிலேயே அவர்களுடைய விருப்பு வெறுப்பு திரும்பி வந்தது. ஆக, நாக்கை ஆண்டது பசியோ சுவையோ அன்று, இருட்டறையும் இருக்கையும் வலக்கையும். உணவு பரிமாறும் முன்பே ஊறுகாய்க்கு நீளும் கையைப் பற்றியும், செய்தி தொடங்கியவுடன் முறுக்கு டப்பாவைத் திறக்கும் கையைப் பற்றியும் இதே பாடத்தைப் படித்துக்கொள்ளலாம்.

தீய பழக்கத்தைக் குருடாக்கும் இந்த இயல்பே நல்ல பழக்கத்தையும் சுமையற்றதாக்குகிறது. அந்நிலையை எட்ட எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்கு நெடுங்காலமாக 21 என்றே விடை சொல்லப்பட்டு வந்தது. அந்த எண்ணின் பிறப்பிடம் ஆய்வுக்கூடம் அன்று. அமெரிக்க முக அழகுச் சீரமைப்பு அறுவை மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்கு மனத்தளவில் இசைந்துகொள்ளக் குறைந்தது 21 நாட்களேனும் ஆவதைக் கவனித்து, 1960-இல் எழுதிய நூலில் குறிப்பிட்டார். 'குறைந்தது' என்ற சொல் நாளடைவில் உதிர்ந்தது. முகத்துக்கு உரைத்தது நடைப்பயிற்சிக்கும் பொருந்தும் என்றாயிற்று. இந்த வதந்தி வேடிக்கையானது என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் அது செய்யும் தீங்கு மெய்யானது: 22-ஆம் நாளும் படுக்கையை விட்டு எழுவது பாரமாகவே இருக்கக் கண்டவர், தம் உடலிலோ மனத்திலோ ஏதோ குறை என்று முடிவு கட்டுகிறார்.

கேள்வியை முறையாக எழுப்பியவர் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ஃபிலிப்பா லாலி. அவரும் அவருடைய குழுவினரும் தன்னார்வலர் 96 பேரிடம், உண்பது, பருகுவது, உடற்பயிற்சி ஆகியவற்றுள் ஒரு நற்செயலைத் தேர்ந்து, நாளுக்கொரு முறை, ஒரே தூண்டுகுறியை அடுத்து, 12 வாரம் செய்துவரக் கேட்டுக்கொண்டனர். மதிய உணவோடு ஒரு பழம், மதிய உணவோடு ஒரு புட்டி நீர், இரவு உணவுக்கு முன் கால்மணி நேர ஓட்டம் என்பன போன்ற எளிய செயல்கள். செயல் எந்த அளவுக்கு 'யோசிக்காமலே நடந்தது' என்பதை ஒவ்வொரு நாளும் சில வினாக்களுக்கு விடையளித்து அவர்கள் பதிந்தனர். இந்தத் தன்னியக்கத்தின் வரைகோடு முதல் வாரங்களில் விரைந்து ஏறி, பிறகு ஏற்றம் குறைந்து, ஒரு மேட்டுத் தளத்தில் சமப்பட்டது. தளத்தை எட்டும் நாட்களின் இடைநிலை அளவு, அதாவது எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு, 66. ஆனால் விரைவாக எட்டியவருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. மெதுவானவரின் கணக்கு 254.

66 இப்போது 21-இன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருவதால், அந்த எண்ணையும் சற்று உரசிப் பார்ப்பது தகும். ஆய்வு நடந்ததே 84 நாட்கள்; ஆகவே 254 என்பது கண்ணால் கண்டதன்று, வரைகோட்டை நீட்டிக் கணக்கிட்டது. மேலும், 96 பேரில் 39 பேரின் தரவுகளே அந்த வரைகோட்டோடு நன்கு பொருந்தின. எண்ணைவிட உறுதியானது அதன் போக்கு: நீர் பருகுவதற்கு இடைநிலை அளவு 59 நாள், உணவுக்கு 65, உடற்பயிற்சிக்கு 91. செயல் சிக்கலாக ஆக நாட்களும் நீள்கின்றன. 2023-இல் வெளியான வேறோர் ஆய்வு, உடற்பயிற்சிக்கூட வருகைகளையும் மருத்துவமனைப் பணியாளர் கைகழுவுதலையும் கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து கணினிக்குக் கற்பித்து, கைகழுவல் சில வாரங்களிலும் உடற்பயிற்சி பல மாதங்களிலும் பழக்கமாகின்றன என்று கண்டது. அனைவர்க்கும் பொதுவான மந்திர எண் ஒன்று இருக்கும் என்ற எதிர்பார்ப்பே பிழை என்பதில் இரு ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன.

லாலியின் ஆய்வில் இந்த அத்தியாயத்துக்கு மிகவும் வேண்டிய முடிவு எண்களுக்கு அப்பால் இருக்கிறது. இடையில் ஒரு நாள் விட்டவர்களின் வரைகோட்டை ஆராய்ந்தபோது, அந்த ஒரு நாள் பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. மறுநாள் சிறு சரிவு தெரிந்தாலும் கோடு மீண்டும் தன் வழியில் ஏறிற்று. தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று எண்ணி, ஒருநாள் தவறினால் பூச்சியத்துக்குத் திருப்பிவிடும் கைபேசிச் செயலிகள், மூளை வைத்திராத ஒரு தண்டனையை விதிக்கின்றன என்றுதான் சொல்ல வேண்டும்.

தூண்டுகுறியைத் தற்செயலுக்கு விடாமல் முன்கூட்டியே குறித்துவைப்பது எத்துணைப் பயன் தரும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்து வருகிறார். 'நலமாக இருப்பேன்' என்பது குறிக்கோள். 'இன்னது நடந்தவுடன் இன்ன இடத்தில் இன்னதைச் செய்வேன்' என்பது செயல்முறைத் திட்டம். 2002-இல் சாரா மில்ன், ஷீனா ஆர்பெல், பாஸ்கல் ஷீரன் ஆகியோர் பிரிட்டனில் 248 மாணவர்களிடையே நடத்திய ஆய்வில், அடுத்த வாரத்தில் 20 நிமிடமேனும் கடுமையான உடற்பயிற்சி செய்தவர்கள் சாதாரணக் குழுவில் 38 விழுக்காடு. இதயநோய் பற்றிய எச்சரிக்கைத் துண்டறிக்கை படித்த குழுவில் 35 விழுக்காடு. அதோடு நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதித் தந்த குழுவில் 91 விழுக்காடு. ஒரு வாரத்துக்கு மட்டுமான, மாணவர்கள் தாமே சொன்ன கணக்கு இது என்பதால் 91-ஐ அப்படியே வாழ்க்கைக்குக் கொண்டுவர இயலாது. 94 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான மதிப்பீடு இன்னும் அடக்கமான, ஆனால் ஐயத்துக்கிடமற்ற பயனையே காட்டியது. கவனிக்க வேண்டியது 35 என்ற எண். அச்சுறுத்தல் எவரையும் எழுப்பவில்லை.

தூண்டுகுறியாக எது தகும் என்பதில் ஒரு சிறு நுட்பம் உண்டு. கடிகார மணியைவிட, எப்படியும் நடந்தே தீரும் முந்தைய செயல் நம்பகமானது, ஏனெனில் மணியைப் பார்க்க மறக்கலாம், காப்பி குடிக்க மறப்பவர் இலர். காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தவுடன் காலணி, குக்கரை அடுப்பில் ஏற்றியவுடன் பத்து முறை உட்கார்ந்து எழுதல், இரவு வாசற்கதவைத் தாழிட்டவுடன் பல் துலக்கல் என்று, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியோடு புதுப் பெட்டியை இணைப்பது போன்ற ஏற்பாடு அது.

மன உறுதியின் பங்கு என்ன என்ற கேள்வி இங்கே எழும். ஒரு செயலில் செலவிட்ட மன உறுதி அடுத்த செயலுக்குக் குறைந்துபோகிறது என்ற கருதுகோளை ராய் பௌமைஸ்டர் 1998-இல் முன்வைத்தார். அது ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் பாடநூல்களில் கோலோச்சியது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் 2,000-க்கு மேற்பட்டவர்களிடம் ஒரே முறையில் சோதித்தபோது அந்த விளைவு ஏறத்தாழச் சுழியாக நின்றது. மாறாக, ஜெர்மனியில் 205 பேரிடம் நாள்தோறும் பலமுறை குறுக்கிட்டு, அப்போது எதற்கு ஆசைப்படுகின்றனர் என்று கேட்டு 2012-இல் வெளியான ஆய்வு, தன்னடக்கம் மிக்கவர்கள் ஆசையோடு மல்லுக்கட்டுவது மற்றவர்களைவிடக் குறைவு என்று காட்டியது. அவர்கள் போரில் வல்லவர்கள் என்பதைவிட, போர்க்களத்துக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டவர்கள் என்பதே பொருத்தம். மிக்சர் டப்பா மேல்தட்டுக்கும் வேர்க்கடலை கைக்கெட்டும் தட்டுக்கும் இடம் மாறுவது சிறு காரியமாகத் தோன்றினாலும், பாப்கார்ன் ஆய்வை அறிந்தவர் அதைச் சிறிதென்று நினைக்கமாட்டார்.

குறிக்கோளின் அளவும் கவனத்துக்குரியது. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற விதி பரவலாக அறியப்பட்டது. அதன் மூலம் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்னும் அடி எண்ணும் கருவி. 'பத்தாயிரம் அடி அளவி' என்பதே அப்பெயரின் பொருள். விளம்பரத்துக்கு வாய்த்த முழு எண்ணே மருத்துவ விதியாக வளர்ந்தது. ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர் சராசரி வயது 72 ஆன 16,741 அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு வீதம் 41 விழுக்காடு குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நலமாக இருப்பவரே அதிகம் நடப்பார் என்ற எதிர்வாதத்தை இத்தகைய பின்தொடர் ஆய்வுகளால் முற்றிலும் நீக்க முடியாது. எனினும் வரைகோட்டின் செங்குத்தான பகுதி அடிவாரத்தில்தான் இருக்கிறது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஏற்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கும் அது, ஒரு தடவைக்குப் பத்து நிமிடமேனும் தொடர வேண்டும் என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டது, எவ்வளவு சிறிதாயினும் ஒன்றுமில்லாததைவிட மேல் என்று கூறுகிறது.

அடக்கமான மாற்றம் நோயைத் தடுக்குமா என்பதற்குச் சென்னையிலிருந்தே விடை வந்திருக்கிறது. நீரிழிவு மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டது. கேட்கப்பட்டவை பெரிய தவங்கள் அல்ல: நாளுக்கு அரைமணி நேரமேனும் விரைந்த நடை, சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்தல், நார்ச்சத்தைக் கூட்டுதல். சுமார் இரண்டரை ஆண்டில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளராயினர். வாழ்முறையை மாற்றிய குழுவில் அது 39.3 விழுக்காடு. உடல் எடையில் சொல்லத்தக்க குறைவு இல்லாமலே இந்தப் பயன் கிட்டியது என்பது, எடைக்கருவியின் முள்ளை நோக்கி ஒவ்வொரு காலையும் மனம் சோர்பவர் அறிய வேண்டிய செய்தி. அதே குழு 2013-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், தென்கிழக்கு இந்தியாவைச் சேர்ந்த 537 பணிபுரியும் ஆண்களுக்கு ஒரே மாதிரியான அறிவுரை ஒருமுறை தரப்பட்டது. அவர்களில் ஒரு பாதியினருக்கு மட்டும், அவரவர் விரும்பிய நேரத்தில், நினைவூட்டும் குறுஞ்செய்திகள் கைபேசிக்கு வந்துகொண்டிருந்தன. இரண்டு ஆண்டில் குறுஞ்செய்தி பெறாதோரில் 27 விழுக்காட்டினரும் பெற்றோரில் 18 விழுக்காட்டினரும் நீரிழிவுக்கு ஆளாயினர். அறிவுரை இரு குழுக்களுக்கும் சமம்; வேறுபட்டது அது மீண்டும் மீண்டும் வந்து கதவைத் தட்டியதா என்பது.

மீண்டும் வருதல் என்ற இந்த இழை, தவறிய நாளின் உளவியலில் வந்து முடிகிறது. 1975-இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் இருவரும் சுவை ஆய்வு என்ற பெயரில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பின்னர் ஐஸ்கிரீமை வேண்டிய மட்டும் தின்னச் செய்தனர். உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைத்துத் தின்றனர். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ அதன்பின் கூடுதலாகத் தின்றனர். விதி இன்று உடைந்துவிட்டது, இனி எவ்வளவு தின்றால் என்ன என்று மனம் வாதிடுகிறது. 'சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன' என்ற சொலவடைக்கு ஆய்வுக்கூடத்தில் கிடைத்த உருவம் அது. இங்கே தீங்கு செய்தது மில்க் ஷேக் அன்று, நாள் முழுவதையும் தூய்மையானது, கெட்டது என இரண்டாக மட்டும் பிரித்த விதி. புத்தாண்டு உறுதியும் பெரும்பாலும் இதே வடிவம் கொண்டது. கல்யாண வீட்டில் ஒரு வேளை, காய்ச்சலில் மூன்று நாள், ஊர்ப்பயணத்தில் ஒரு வாரம் என்று அது உடையும் தருணங்கள் நாட்காட்டியிலேயே குறித்துவைக்கப்பட்டிருக்க, அவற்றுக்குப் பின் எப்படித் திரும்புவது என்பதற்கு மட்டும் யாரும் திட்டம் எழுதுவதில்லை.

2021-இல் வெளியான பேராய்வு ஒன்று இந்தத் திட்டத்தின் மதிப்பை எதிர்பாராத வகையில் அளந்து காட்டியது. அமெரிக்காவின் உடற்பயிற்சிக்கூட உறுப்பினர் 61,293 பேரிடம், 15 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 30 அறிவியலாளர்கள் தனித்தனிக் குழுக்களாக வகுத்த 54 நான்கு வாரத் திட்டங்கள் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 45 விழுக்காட்டுத் திட்டங்கள் வாராந்திர வருகையை 9 முதல் 27 விழுக்காடு வரை உயர்த்தின. எது முந்தும் என்று முன்கூட்டிச் சொல்லும்படி கேட்கப்பட்டவர்களின் கணிப்புகள் பொய்த்தன. முந்தியது, ஒரு பயிற்சியைத் தவறவிட்டவர் அடுத்ததற்குத் திரும்பி வந்தால் சில சென்ட் மதிப்புள்ள புள்ளிகளைக் கூடுதலாக வழங்கிய திட்டம். நான்கு வாரம் முடிந்து திட்டங்கள் நிறுத்தப்பட்ட பிறகும் வருகையில் மாற்றத்தைத் தக்கவைத்தவை 8 விழுக்காடு மட்டுமே. நான்கு வாரம் என்பது 28 நாள். லண்டன் ஆய்வில் உடற்பயிற்சி எடுத்துக்கொண்ட 91 நாட்களில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.